மெர்சி அக்காவின் குரல் இருந்த படம்

மல்லேஸ்வரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரைக்கட்டோடு நடந்துகொண்டிருந்தேன். ஒரு காபிக்கடைச் சுவரில் எங்கள் மெர்சி அக்கா அழுதுகொண்டிருந்தார். ஆளுயரப் போஸ்டர். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, வாய் அகலத் திறந்திருக்கிறது, மடியில் ஒரு பிணத்தின் தலை. மேலே 'மூணாவது சாவு' என்று படத்தின் பெயர். கீழே ஆங்கிலத்தில், பெங்களூர் கொண்டாடும் கல்ட் காமெடி, இப்போது புத்தம்புதிய சுத்தமான ஒலியில், பக்கத்து அரங்கில், அடுத்த ஞாயிறு என்று எழுதியிருந்தது.

சுத்தமான ஒலி என்று படித்தபோதே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தெரிந்த முகத்தைச் சுவரில் பார்த்த சந்தோஷத்தில் பல்லிளித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் வெளியே வந்து, "ஏனு பேக்கு மேடம்?" என்று கன்னடத்தில் என்ன வேண்டுமெனக் கேட்டார். "இவங்க எங்க கேன்டீன் அக்கா" என்று போஸ்டரைக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, உள்ளே உட்காரச் சொல்லி ஒரு காபி கொண்டுவந்து வைத்தார்.

நல்ல காபிதான். ஆனால் என் மூக்குக்குள் ஏறியது வேறு வாசனை. பொம்மசந்திராவில் நாங்கள் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியின் கேன்டீன் வாசனை. கசப்பு மாத்திரைப் பொடி, பினாயில், எலுமிச்சை சாதம் மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சாப்பிட மாட்டார்கள். இரண்டாவது வாரம் ரெண்டாவது தட்டு கேட்பார்கள். அதற்குக் காரணம் சாதம் இல்லை, அதைப் போட்ட மெர்சி அக்கா. கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம். சுரங்கம் மூடியதும் ஊரே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்ததே, அந்த ரயிலில் வந்தவர். கேன்டீனை ஒட்டி ஓடிய பேக்கிங் மிஷின்களின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பேசினால் பாதி குரல், பாதி காற்று. ஆனால் அந்தப் பாதிக் குரல் கேன்டீனின் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். "இன்னாடி, பூனைக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்க, நல்லா போட்டுக்கினு துன்னு" என்று அவர் திட்டினால் அன்றைக்கு நமக்கு நல்ல நாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு லீவு கேட்டால் கிடைக்காது. திருவிழாவுக்குக் கேட்டால் சிரிப்பார்கள். காய்ச்சல் என்றால் நாங்களே தயாரித்த மாத்திரையைக் கையில் கொடுப்பார்கள். சாவுக்கு மட்டும்தான் லீவு. ஆகவே எல்லோரும் சொந்தக்காரர்களைக் கொன்றோம். ஆடி மாதத்தில் ஒரு செக்‌ஷனே துக்கத்தில் இருக்கும். நான் என் அத்தையைக் கொன்றேன், அப்புறம் மறந்துபோய் இன்னொரு தடவையும் கொன்றேன். அவர் இன்றைக்கும் திருப்பத்தூரில் சர்க்கரை தூக்கலாகக் காபி குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

இதைத்தான் தயாளன் படமாக எடுத்தான். தயாளன் எங்கள் கம்பெனி எலெக்ட்ரீஷியன். முகூர்த்த நாட்களில் ஆனேக்கல் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கல்யாண வீடியோ எடுக்கப் போவான். அந்த ஸ்டூடியோவின் கேமராவை ஓசியில் வாங்கிவந்து, கல்யாணமில்லாத ஞாயிறுகளில் எங்களை வைத்து எடுத்தான். கதை இவ்வளவுதான். ஒருத்தன் லீவுக்காகத் தன் பெரியப்பாவை மூன்றாவது தடவையாகக் கொல்கிறான். புதிதாக வந்த சூப்பர்வைசர் இளகிய மனசுக்காரர், மாலை வாங்கிக்கொண்டு நேரே சாவு வீட்டுக்கே வந்துவிடுகிறார். உயிரோடு இருக்கிற பெரியப்பாவைப் படுக்கவைத்துச் சாவு நடத்தியாக வேண்டும். அவரோ பிரியாணி வந்தால்தான் சாவேன் என்று அடம்பிடிக்கிறார்.

பெரியப்பாவாக ஃபிட்டர் கன்னியப்பன். பெரியம்மாவாக மெர்சி அக்கா. நானும் அந்தப் படத்தில் உண்டு, ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டேன். மைக்கைத் தரை துடைக்கும் மாப்புக் கழியின் நுனியில் கட்டி, ஃபிரேமுக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். ஒரு காட்சியில் மாப்பின் நூல் இரண்டு மேலேயிருந்து தொங்கும். அதுதான் என் நடிப்பு. எங்களில் பலர் குடியிருந்த காம்பவுண்டில்தான் ஷூட்டிங். குக்கர் விசில், பக்கத்து ரூம் சண்டை, குழாயடி என்று எல்லாமே மைக்கில் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே அடுத்த ஃபேக்டரியின் சங்கு. சைரன் என்று மற்றவர்கள் சொல்வார்கள், தங்கவயல்காரர்கள் சங்கு என்பார்கள், அது எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஷிஃப்டு மாறும்போது அது ஊதினால் ஒசூர் ரோடு வரைக்கும் கேட்கும்.

ஒப்பாரிக் காட்சி எடுத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கன்னியப்பன் மூக்கில் பஞ்சோடு பாடையில் படுத்திருக்கிறார். மெர்சி அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன விட்டுட்டு எங்க போனய்யா" என்று உருகுகிறார். மாலையோடு நிற்கும் சூப்பர்வைசர் கண்ணைத் துடைக்கிறார். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நடிப்பு இல்லை. ஃபிட்டர் வேலையில் ஊறின உடம்பு, சங்கு கேட்டால் எழுந்துகொள்ளும். எழுந்ததோடு விடவில்லை, காலைத் தொங்கப்போட்டுச் செருப்பைத் தேடினார். நாங்கள் அத்தனை பேரும் உறைந்துபோனோம். மெர்சி அக்கா மட்டும் அழுகையை நிறுத்தவே இல்லை. அதே ராகத்தில், பிணத்தின் நெற்றியில் கையை வைத்து ஒரே அமுக்கு. "சும்னே படுய்யா, உனுக்கு இன்னும் ஓ.டி. இருக்குது!" என்றார். சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா. கன்னியப்பனும் ஓவர்டைம் என்றதும் மறுபேச்சில்லாமல் படுத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பில் கழி ஆடிப்போய் மைக் கன்னியப்பன் தலையிலேயே மோதியது. அந்த 'டொக்' சத்தமும் படத்தில் இருந்தது. தயாளன் மறுபடி எடுக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு அவ்வளவு புத்தி இருந்தது.

படத்தை எங்கே போடுவது? எந்த தியேட்டர் இதைப் போடும்? தங்கவயல்காரர்கள் சொல்லிவைத்து, சந்தாபுரா பக்கம் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு திரை கட்டிப் போட்டோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியதும் என்ன நடந்தது தெரியுமா? திரையில் பிணம் எழுந்தது, ஹாலிலும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வந்த சிரிப்பில் அடுத்த இரண்டு காட்சிகளின் வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அதுவே சடங்காகிவிட்டது. எங்கே போட்டாலும் சங்கு ஊதினால் மொத்தக் கூட்டமும் எழுந்து செருப்பைத் தேட வேண்டும், மெர்சி அக்கா அமுக்கும்போது "சும்னே படுய்யா!" என்று கத்திக்கொண்டே உட்கார வேண்டும். ஒசூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். அப்புறம் ரீசார்ஜ் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஷிஃப்டு பஸ்ஸில் யாராவது ஒருத்தர் போனில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிற்காலத்தில் இன்டர்நெட்டில் யாரோ ஏற்றிவிட்டு, ஐ.டி. பிள்ளைகள் கண்டுபிடித்து, 'அவ்வளவு மோசம், அதனாலேயே அருமை' என்று எழுத ஆரம்பித்தார்கள். எனக்கு அதைப் படித்தாலே பற்றிக்கொண்டு வரும். மோசம் என்று யார் சொன்னது? வெளிச்சம் மோசம், ஒத்துக்கொள்கிறேன். மாப்பு தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவு வீட்டில்கூட ஷிஃப்டை மறக்க முடியாத உடம்பைப் பார்த்து நாங்கள் சிரித்தோமே, அது எங்களைப் பார்த்து நாங்களே சிரித்தது. நீங்கள் சிரிப்பது வேறு. எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டு பாய் கிழிசல் என்று கேலி பேசுகிறவனிடம் எனக்கு என்ன பேச்சு?

மெர்சி அக்கா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உண்மையான சாவு. அன்றைக்குக் கம்பெனியில் லீவு கேட்டபோது, "மறுபடியும் கதையா?" என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அவருக்கு ஒரே மகள், ஷைனி. தங்கவயலில் மாரிக்குப்பம் பக்கம் இருக்கிறாள், தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறாள். அம்மாவின் குரல் அவளிடம் வேறெதிலும் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற போன்களெல்லாம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். சின்ன வயதில் சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கிய அவளுடைய புதுநன்மை வீடியோ ஒன்று உண்டு. அதில் அக்கா வாய் ஓயாமல் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார், ஆனால் வீடியோக்காரர் முழுக்க முழுக்கப் பாட்டைப் போட்டுவிட்டார். வாய் அசையும், பாட்டுத்தான் கேட்கும். அதனால் ஷைனிக்கு 'மூணாவது சாவு' என்பது காமெடிப் படம் இல்லை. இன்டர்நெட்டில் கிடந்த அதை ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது ரேடியோ மாதிரிப் போட்டுவிடுவாள். பார்க்கக்கூட மாட்டாளாம், காது கொடுத்தால் போதும்.

போஸ்டரைப் பார்த்த அன்றே அவளுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு வாரமா நெட்டுல படமே வரலக்கா. என் போன்தான் போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

"இங்க ஹால்லயே போடுறாங்கடி. பெரிய ஸ்கிரீன், பெரிய ஸ்பீக்கர். வந்துடு."

"பெரிய ஸ்பீக்கர்ல அம்மாவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஐயோ, காது போயிடும்க்கா."

சர்ச்சுக்குப் போகிற மாதிரிப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கன்னியப்பனும் வந்தார், ரிட்டயராகி முட்டிவலியோடு. பழைய ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தோம். மீதி ஹால் முழுக்க இளவட்டம், கையில் இனிப்புச் சோளப்பொரி. தயாளனும் வந்திருந்தான். இப்போது விளம்பரக் கம்பெனியில் பெரிய ஆள். கழுத்தில் கோடை காலத்திலும் ஒரு துண்டு. வந்து கையைப் பிடித்து, "பாருங்கக்கா, எப்படி ஜொலிக்குதுன்னு" என்றான்.

ஜொலித்தது, பொய் சொல்ல மாட்டேன். கன்னியப்பனின் மூக்குப் பஞ்சின் இழைகூடத் தெரிந்தது. ஆனால் காம்பவுண்டில் குக்கர் விசில் இல்லை. சண்டை இல்லை. குழாயடி இல்லை. ஏதோ ஆளில்லாத ஊரில் எல்லோரும் தனித்தனியாகப் பேசுகிற மாதிரி இருந்தது. மெர்சி அக்கா திரைக்கு வந்தார். ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வாயைத் திறந்தார். யாரோ ஒரு பெண் பேசினாள்.

அழகான குரல். கட்டாத தொண்டை. சென்னை டப்பிங் தியேட்டரில் ஏசிக்குள் உட்கார்ந்து பேசிய தமிழ். ஷைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையையே பார்த்தேன், வேறென்ன செய்ய? ஒரு வரிதான் மாற்றியிருப்பார்கள், அடுத்த வரியில் அக்கா வந்துவிடுவார் என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன். வரவில்லை. ஒரு வரியில்கூட வரவில்லை.

ஒப்பாரிக் காட்சி வந்தது. சங்கு ஊத வேண்டிய இடம். எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது, கன்னியப்பன் முட்டிவலியோடு சேர்த்து. சங்கு ஊதவில்லை. அதைத் துடைத்துவிட்டார்கள். திரையில் பிணம் எந்தக் காரணமும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் குரல், "பேசாம படுங்க, இன்னும் டைம் இருக்கு" என்றது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "அங்கிள், ப்ளீஸ் சிட் டவுன்" என்றது. கன்னியப்பன் உட்கார்ந்தார். செருப்பு எங்கே என்று தேடின காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் என்றிருந்தது.

படம் முடிந்து, மேடையில் ஒரு பெண் தயாளனிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரிஜினல் ஒலி உபயோகப்படுத்தக்கூடிய நிலையிலேயே இல்லை என்று அவன் சொன்னான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"ஏன்டா தயாளா, அந்த மைக்க புடிச்சவ நான். எனக்கு நல்லா கேட்டுச்சே. உனக்கு எப்ப இருந்து கேக்காம போச்சு?"

அவன் முகம் செத்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து எங்களை வெளியே அழைத்துப் போனான்.

"அக்கா, கத்தாதீங்க. படத்த வாங்குன கம்பெனிக்காரங்க மாத்தச் சொன்னாங்க. இந்தத் தமிழ் சென்னைலயே புரியாதுன்னாங்க. கன்னடம் கலக்குது, சத்தம் வேற. படத்துப் பேர மட்டும் அப்படியே விட்டாங்க. நான் இன்னா பண்றது?"

"புரியாமத்தான் ஒசூர்ல இருந்து பஸ் ஏறி வந்தாங்களா? சரி, அத விடு. பழைய சவுண்டு எங்க?"

"எல்லாத்தையும் அவங்களுக்கே குடுத்துட்டேன்க்கா. வேலை முடிஞ்சதும் அழிச்சிட்டாங்களாம். நெட்டுல இருந்ததயும் எடுக்கச் சொல்லிட்டாங்க. உரிமை அவங்களோடதாச்சே."

"கேமரா கேசட்டு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். கேசட் ஸ்டூடியோவுடையது. அதன் மேலேயே அடுத்த முகூர்த்தத்தின் கல்யாணத்தை எடுத்துவிட்டார்கள்.

ஷைனி தயாளனைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, மெர்சி அக்காவின் மகள் ஒருத்தனைத் திட்டாமல் நிற்கிறாள். "ரயிலுக்கு நேரமாச்சிண்ணா" என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து பழைய ஆட்கள் எல்லோரையும் பிடித்து உலுக்கினேன். என் வீட்டு சி.டி. பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, எந்த பிளேயரில் போட்டாலும் சுற்றிவிட்டு வெளியே துப்புகிறது. மெமரி கார்டுகள் பழைய போன்களோடு பாத்திரக்காரனிடம் போயிருக்கின்றன. ரீசார்ஜ் கடை இருந்த இடத்தில் இப்போது மோமோ விற்கிறார்கள். அந்தச் சங்கும் ஊதுவதில்லை. ஷிஃப்டு மாறுவது இப்போது ஆளுக்கொரு போனில் 'டிங்' என்று தனித்தனியாக வருகிறது, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. சர்ச் ஹாலைப் பார்த்துக்கொண்டவர் செத்துப்போனார், அந்த ஹாலையும் இடித்துக் கட்டிவிட்டார்கள். சுத்தம் செய்தவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். எல்லாமே சுத்தமாகிவிட்டது.

போன வாரம் ஷைனி போன் பண்ணினாள். எங்கேயும் கிடைக்கவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அக்கா, இனிமே தேடாதீங்க. அது பரவால்ல. எனுக்கு வேற ஒண்ணு. தெனம் ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தா, அம்மா பக்கத்துல நின்னு, நல்லா போட்டுக்கினு துன்னுடின்னு சொல்ற மாதிரி நெனச்சிக்குவேன். நெனச்சா போதும், அப்படியே அவங்க குரல் வரும். அந்தப் படத்த பாத்ததுல இருந்து அந்தப் பொம்பள குரல்தான்க்கா வருது. எவ்ளோ தள்ளுனாலும் அவதான் பேசுறா."

"அதெல்லாம் கொஞ்ச நாள்ல சரியாயிடும்டி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆத்திரமாக வந்தது. சின்னப்பெண், ஒரே ஒரு தடவை பார்த்ததில் குழம்பிவிட்டாள், நான் அப்படியா? அந்தக் குரலுக்கு ஒரு முழம் தூரத்தில் ஞாயிறு ஞாயிறாகக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். கண்ணை மூடிக்கொண்டு, மெர்சி அக்காவை ஒரு வார்த்தை பேசவைத்துப் பார்த்தேன்.

எனக்கும் அந்தப் பொம்பளைதான் பேசினாள்.